வேலையில் சேர்ந்த பிறகு: அரசு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி ஊழியரின் உரிமைகள்

தில்லியில் மத்திய அரசு வேலையில் இருக்கும் தமிழர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் மாற்றுத்திறனாளிகள் பற்றிப் பேச்சு வந்தால், அது பெரும்பாலும் இடஒதுக்கீட்டோடு நின்றுவிடும். நான்கு சதவீதம் யார் யாருக்கு, ரோஸ்டரில் (இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியலில்) எந்தப் புள்ளி, இந்த வருஷம் மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. தேர்வில் கட்-ஆஃப் எவ்வளவு என்பதெல்லாம் பலருக்கு அத்துப்படி. ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு அந்த ஊழியர் தினமும் எப்படி வேலை பார்க்கிறார், அதற்காக அலுவலகம் என்னென்ன செய்து தர வேண்டும் என்று கேட்டால் பதில் தயங்குகிறது. “அதெல்லாம் செக்‌ஷன் ஆபீசர் எப்படிப்பட்டவர்ங்கறதைப் பொறுத்தது” என்பார்கள்.

செக்‌ஷன் ஆபீசர் நல்ல மனுஷராக வாய்த்தால்தான் காரியம் நடக்கும் என்ற நிலையை மாற்றத்தான் 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 2017 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு இருந்த 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது, இப்போது 21. எண்ணிக்கை கூடியதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. 2007-இல் இந்தியா ஏற்று உறுதிசெய்த ஐ.நா. உடன்படிக்கையிலிருந்து ‘நியாயமான ஏற்பாடு’ என்ற கருத்து இந்தச் சட்டத்துக்குள் வந்தது. ஓர் ஊழியர் மற்றவர்களுக்குச் சமமாகத் தன் வேலையைச் செய்ய எந்த மாற்றம் தேவையோ, அது நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமையாக இல்லாதவரை செய்துகொடுத்தாக வேண்டும். மறுத்தால் அதுவே பாகுபாடு என்று வரையறைப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அதிகாரிக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்ற ஆராய்ச்சி தேவையில்லை. விளைவு என்ன என்றுதான் சட்டம் பார்க்கிறது.

வேலை பார்ப்பவர்களுக்கு உயிர்நாடியான பிரிவு 20. அரசு நிறுவனம் எதுவும் வேலை தொடர்பான எந்த விஷயத்திலும் மாற்றுத்திறனாளியிடம் பாகுபாடு காட்டக் கூடாது. நியாயமான ஏற்பாடும் தடைகளற்ற சூழலும் தர வேண்டும். குறைபாட்டைக் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது. பணிக்காலத்தில் ஒருவர் மாற்றுத்திறனாளி ஆனால் அவரை வேலையைவிட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. இந்தக் கடைசி விஷயத்துக்கு விரிவாகவே வருகிறேன். படைப்பிரிவுகள் போன்ற சில பணிகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, அப்படி அறிவிக்கைகளும் வந்திருக்கின்றன. மற்றபடி ‘அரசு நிறுவனம்’ என்பதன் எல்லை நாம் நினைப்பதைவிடப் பெரியது. அமைச்சகங்கள், துறைகள் மட்டுமல்ல. பொதுத்துறை நிறுவனங்கள், உள்ளாட்சிகள், அரசு உதவி பெறும் அமைப்புகள் எல்லாம் அதில் அடங்கும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளைப் போல அரசு உதவியில் நடக்கும் பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியருக்கும் அலுவலகப் பணியாளருக்கும் இதே பிரிவு 20 பொருந்தும். இது பலருக்குத் தெரியாது.

அப்புறம், 2017-இல் வந்த விதிகளில் ஒரு வரி இருக்கிறது. நியாயமான ஏற்பாட்டுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியைக்கூட மாற்றுத்திறனாளியின் தலையில் கட்டக் கூடாது என்கிறது விதி 3. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளைச் சொந்தக் காசில் வாங்கிப் போட்டவர்கள், சொந்தச் செலவில் நாற்காலி கொண்டுவந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! “ஃபண்ட் இல்லை, நீங்களே வாங்கிக்கோங்க” என்று வாய்மொழியாகச் சொல்லும் அதிகாரியிடம் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். விதி 3 தெரிந்த எவரும் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட யோசிப்பார்.

நாற்பது சதவீதம் என்ற எண் பற்றித் தெளிவு வேண்டும். இடஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு இருப்பதாகச் சான்று தேவை. போக்குவரத்துப் படி போன்ற பணப் பலன்களுக்கும் அப்படித்தான். இதையே எல்லாவற்றுக்கும் எல்லைக்கோடாக எடுத்துக்கொண்டு, “எனக்கு 30 சதவீதம்தான், கேட்க வாய் ஏது” என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் அதிகம். நியாயமான ஏற்பாட்டுக்கு 40 சதவீத நிபந்தனை கிடையாது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. எழுதும்போது விரல்கள் இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ள ஒரு தேர்வர், யு.பி.எஸ்.சி. தேர்வில் சொல்வதை எழுத ஓர் உதவியாளர் வேண்டும் என்று கேட்டார். 40 சதவீத வரம்பை எட்டும் ஊனம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். இடஒதுக்கீட்டுக்கான அளவுகோலை இங்கே கொண்டுவந்து பொருத்தக் கூடாது, ஒவ்வொருவரின் தேவையையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

2023 அக்டோபரில் நம் ஊர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகத் தேர்வான ஒருவரை, நிறக்குருடு இருக்கிறது என்று வேலைக்கு எடுக்க மறுத்தார்கள். நிறக்குருடு சட்டத்தின் 21 வகைகளில் இல்லை. ஆனாலும் பொறியாளர் பணியில் நிறம் பார்த்தே ஆக வேண்டிய வேலையும் இருக்கிறது, அது தேவைப்படாத வேலையும் இருக்கிறது. இவருக்கு ஏற்ற பணியைக் கொடுத்து வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் நிர்வாகப் பழக்கத்துக்கு இந்தத் தீர்ப்பு நல்ல பதில்.

சரி, ஏற்பாடு என்றால் நடைமுறையில் என்ன? சாய்தளம், சக்கர நாற்காலி என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். பார்வையற்ற ஓர் உதவிப் பிரிவு அதிகாரியின் மேசைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். காதில் ஹெட்போன், கணினியில் என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர். அரசின் மின்கோப்பு மென்பொருளான இ-ஆஃபீஸில் ஃபைலைத் திறக்கிறார். நோட்டிங் (அலுவலகக் குறிப்பு) பகுதி தட்டச்சு செய்தது, அதனால் கடகடவென்று படித்துவிடுகிறது. அடுத்து கடிதப் பகுதிக்குப் போகிறார். யாரோ ஒரு காகிதத்தை ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். அது வெறும் படம். மென்பொருளுக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. வெற்றுப் பக்கம் என்று சொல்லி நிற்கிறது. அந்த ஒரு கடிதத்துக்காக அவர் பக்கத்து மேசைக்காரரின் தயவை எதிர்பார்க்க வேண்டும். நாளில் இப்படி எத்தனை கடிதங்கள்! வருடக் கடைசியில் “வேலை மெதுவாக நடக்கிறது” என்று அவருடைய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் எழுதுவார்கள். ஸ்கேன் செய்யும்போதே, படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணர்வோடு (ஓ.சி.ஆர்.) செய்தால் போதும், அல்லது அனுப்பிய பிரிவிடம் வேர்ட் கோப்பைக் கேட்டு வாங்கினால் போதும். பைசா செலவில்லாத ஏற்பாடு இது. ஆனால் இதைச் செய்ய வேண்டும் என்று செக்‌ஷனுக்கு எழுத்தில் உத்தரவு போக வேண்டும். இல்லையென்றால் இரண்டு நாள் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

காது கேளாதவர்களின் சிக்கல், குறிப்பாகத் தமிழர்களுக்கு, தில்லியில் இரட்டிப்பாகிறது. தமிழ்நாட்டில் படித்து, உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகிய ஒரு பெண் எஸ்.எஸ்.சி. தேர்வில் வென்று இங்கே வருகிறார். அவர் பழகியது தமிழ் உதடுகள். இங்கே சுற்றிலும் இந்தி. கூட்டங்களில் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாமலே தலையாட்டிவிட்டு வருவார். புத்திசாலித்தனத்தில் எந்தக் குறையும் இல்லாத அவரை வெறும் டைப்பிங் வேலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அவருக்குத் தேவையான ஏற்பாடுகள் மிக எளியவை: கூட்டத்தின் பொருள் முன்கூட்டியே எழுத்தில், முடிவுகள் அன்றே மின்னஞ்சலில், வாய்மொழி உத்தரவு வேண்டாம், முக்கியமான பயிற்சிகளுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர். இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015 முதல் இதே தில்லியில்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு எங்கே போவது என்று ஓர் அமைச்சகம் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாஸ்திரி பவன், கிருஷி பவன், உத்யோக் பவன் எல்லாம் இப்படி ஒரு சட்டம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் கட்டியவை. மெட்ரோ நிலையம்வரை லிப்ட், தொட்டுணரும் தரைக்கோடு எல்லாம் இருக்கிறது. நிலையத்திலிருந்து அலுவலக வாசல்வரை போகும் தூரத்தில்தான் அவதி. ஏற்கெனவே உள்ள அரசுக் கட்டடங்களையெல்லாம் விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தடையில்லாமல் மாற்றியாக வேண்டும் என்று சட்டம் சொன்னது. கெடு 2022-இலேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரை போல வைத்திருப்பது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. புதிய கர்த்தவ்ய பவன் கட்டடங்களுக்கு அலுவலகங்கள் மாறிவருகின்றன. கட்டடம் மாறும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் ஊழியருக்கு இல்லை. அவருடைய செக்‌ஷனைத் தரைத்தளத்துக்கு மாற்றலாம், பூட்டி வைத்துப் பழைய பீரோக்களை அடுக்கியிருக்கும் கழிப்பறையைத் திறந்துவிடலாம். இவையும் நியாயமான ஏற்பாடுகளே.

சட்டத்துக்குக் கீழே மத்திய அரசு ஊழியருக்கென்று பணியாளர், பயிற்சித் துறையின் குறிப்பாணைகள் இருக்கின்றன. ஊழியர்கள் அதை ஓ.எம். என்றுதான் சொல்வார்கள். 2014 மார்ச் 31 தேதியிட்ட ஓ.எம். கையில் இருக்க வேண்டிய ஒன்று. உதவிக் கருவிகள், மென்பொருள், சிறப்பு மேசை நாற்காலி, தேவைப்பட்டால் மோட்டார் சக்கர நாற்காலி ஆகியவற்றை அலுவலகமே தருவது. சேர்ந்தவுடனும் பதவி உயர்வுக்கு முன்பும் பயிற்சி. சுழற்சி டிரான்ஸ்பரிலிருந்து விலக்கு. குடியிருப்பு ஒதுக்கீட்டில் முன்னுரிமை என்று பலதும் அதில் வருகின்றன. உடல்நிலைத் தேவைகளுக்காக வருடத்துக்கு நான்கு நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பும், மாற்றுத்திறனாளிகள் தொடர்பான கருத்தரங்கு, பயிற்சிகளுக்குப் போகப் பத்து நாளும் தனியே உண்டு. போக்குவரத்துப் படி இரண்டு மடங்கு: ஏழாவது ஊதியக் குழுவின்படி லெவல் 3 முதல் 8 வரை இருக்கும் ஊழியருக்குத் தில்லியில் மாதம் 3,600 ரூபாயும் அதன் மீது அகவிலைப்படியும் என்றால், மாற்றுத்திறனாளி ஊழியருக்கு 7,200 ரூபாயும் அகவிலைப்படியும். குழந்தை வளர்க்கும் மாற்றுத்திறனாளிப் பெண் ஊழியருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி மாதம் 3,000 ரூபாய் என்று நிர்ணயித்த சிறப்புப் படி, அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் 25 சதவீதம் உயரும். மத்திய அரசுக் குடியிருப்புகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத ஒதுக்கீடு என்று 2025 மே மாதம் அறிவிப்பு வந்தது. விண்ணப்பிக்கும்போதே தரைத்தளம் வேண்டும் என்று குறிப்பிடுவது நல்லது.

டிரான்ஸ்பர் விஷயத்தில் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்த ஊருக்குப் பக்கத்தில் பணியிடம் தர முன்னுரிமை காட்டலாம் என்று ஓ.எம்.கள் 1990 முதல் இருக்கின்றன. ஆனால் ‘நிர்வாக வசதிக்கு உட்பட்டு’ என்ற வாசகம் கூடவே வருகிறது. வருமான வரி, சுங்கம், அஞ்சல், கணக்குத் தணிக்கை போன்ற துறைகளில் தமிழ்நாட்டிலும் பணியிடங்கள் இருப்பதால் இந்த ஓ.எம். பலன் தரும். மத்தியச் செயலகப் பணியில் சேர்ந்தவருக்கு வேலையே கிட்டத்தட்ட முழுக்கத் தில்லியில்தான். ஊருக்கு மாற்றச் சொல்லிக் கேட்க அங்கே பணியிடமே இல்லை. தேர்வு எழுதிவிட்டு விருப்ப வரிசை நிரப்பும் நாளிலேயே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு மாறுதல் கிடைத்தவர்களுக்கு இன்னொரு தீர்ப்பு துணையாக நிற்கும். ராஜஸ்தானில் மாற்றுத்திறனாளி ஆசிரியர் ஒருவர் அந்தச் சலுகையின்படி சொந்த மாவட்டத்துக்கு மாறியதும் அவருடைய சீனியாரிட்டியைக் குறைத்துவிட்டார்கள். 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் உத்தரவுகளை எதிர்த்துக் கேட்க இது உதவும். மாற்றுத்திறனாளிப் பிள்ளையையோ பெற்றோரையோ கணவன் மனைவியையோ உடனிருந்து கவனிக்கும் ஊழியருக்கும் வழக்கமான டிரான்ஸ்பரிலிருந்து விலக்குக் கேட்கத் தனி ஓ.எம். இருக்கிறது, 2018 அக்டோபரில் திருத்தப்பட்டது.

இப்போது விரிவாகச் சொல்கிறேன் என்ற விஷயம். அரசு ஊழியர்களில் பலர் மாற்றுத்திறனாளியாக வேலைக்கு வருவதில்லை. வேலையில் இருக்கும்போது ஆகிறார்கள். சர்க்கரை நோய் விழித்திரையைத் தின்கிறது. பக்கவாதம் வருகிறது. ரிங் ரோட்டில் ஸ்கூட்டர் விபத்தில் கால் போகிறது. ஐம்பது வயதில் இப்படி நேரும்போது அந்த மனிதர் தன்னை மாற்றுத்திறனாளி என்று நினைப்பதே இல்லை, தன்னை நோயாளியாகத்தான் பார்க்கிறார். அவருக்கு இந்தச் சட்டம் கண்ணில் படாது. அலுவலகத்தில் அக்கறையோடுதான் சொல்வார்கள், “வி.ஆர்.எஸ். போட்டுட்டு ஊருக்குப் போய் நிம்மதியா இருங்க அண்ணா” என்று.

எனக்குத் தெரிந்த ஒருவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். எல்.டி.சி.யாக (கீழ்நிலை எழுத்தராக) சேர்ந்து யு.டி.சி. (மேல்நிலை எழுத்தர்) ஆனவர். சர்க்கரையால் இரண்டு கண்ணிலும் பார்வை வேகமாக மங்கியது. ஃபைலில் வரி தாண்டிப் படிக்கிறார் என்று பேச்சு கிளம்பியதும், விருப்ப ஓய்வுக் கடிதத்தை அவரே தட்டச்சு செய்து பையில் வைத்துக்கொண்டார். தேதி மட்டும்தான் போடவில்லை. “பொண்ணு இன்னும் காலேஜ் முடிக்கலையே” என்று அவர் மனைவி மறித்ததில் அந்தக் கடிதம் பையிலேயே கிடந்தது. அதற்குள் யாரோ பிரிவு 20-இன் நான்காவது உட்பிரிவை அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில் இருப்பது இதுதான்: பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆன ஊழியரை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. இருக்கும் பதவியைப் பார்க்க முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தோடும் பணிப் பலன்களோடும் வேறு பதவிக்கு மாற்ற வேண்டும். அப்படிப் பதவி எதுவும் இல்லையென்றால் இருக்கும் பணியிடங்களுக்கு மேல் அவருக்கென்று ஒரு மிகைப் பணியிடத்தை உருவாக்கி, பொருத்தமான பதவி கிடைக்கும்வரை அல்லது ஓய்வு பெறும் வயதுவரை, எது முந்தியதோ அதுவரை, அதில் வைத்திருக்க வேண்டும்.

அவர் விருப்ப ஓய்வுக்குப் பதிலாக ஏற்பாடு கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். அலுவலகம் முதலில் இழுத்தடித்தது, பிறகு ஒத்துக்கொண்டது. ஆர்.கே.புரம் செக்டர் 5-இல் தமிழ்ச் சங்கம் இருக்கும் அதே செக்டரில்தான் தேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தில்லி மையமும் இருக்கிறது. அங்கே கணினிப் பயிற்சிக்குப் போனார். ஐம்பத்து இரண்டு வயதில் விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டக் கற்றுக்கொள்வது லேசான காரியமில்லை. இன்றைக்கு ஆர்.டி.ஐ. மனுக்களைப் பிரித்து அனுப்பும் வேலையைப் பார்க்கிறார். சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை.

இந்தப் பாதுகாப்பு புதிதும் இல்லை. 1995 சட்டத்திலேயே இருந்தது. பணியில் காயமடைந்து காலை இழந்த ஒரு காவலரை, முடமாகிவிட்டார் என்று 1998-இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியம் கொடுத்துவிட்டோமே, அப்புறம் என்ன என்பது அரசின் வாதம். 2003 பிப்ரவரியில் குணால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதிய விதியைக் காட்டி இந்தச் சிறப்புச் சட்டத்தைத் தாண்ட முடியாது என்று தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் வழக்கிலும் இதே தொனிதான்: நிறக்குருடு கண்டறியப்பட்டவருக்கு மாற்று வேலை இருக்கிறதா என்று உண்மையாகத் தேடிப் பார்க்காமல் வெளியே அனுப்பியது தவறு. இத்தனை தெளிவுக்குப் பிறகும் விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆட்கள் போய்க்கொண்டிருப்பது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அவசரத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டவர்கள்கூட, குறிப்பிட்ட ஓய்வுத் தேதிக்கு முன்பே, நியமன அதிகாரியின் ஒப்புதலோடு அதைத் திரும்பப் பெறலாம். அந்தத் தேதி தாண்டிவிட்டால் வழி மிகக் கடினம்.

மனநலப் பாதிப்பு இருப்பவர்கள் கேட்கவே பயப்படுகிறார்கள். தெரிந்தால் வேலை போய்விடும், பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம் அவ்வளவு ஆழமானது. சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. 2021 டிசம்பரில் வந்த ரவீந்தர் குமார் தாரிவால் தீர்ப்பு இவர்களுக்குப் பெரிய துணை. அவர் சி.ஆர்.பி.எஃப். அதிகாரி, மன அழுத்தமும் எண்ணச் சுழற்சி நோயும் (ஓ.சி.டி.) இருந்தன, நடத்தை தொடர்பாகத் துறை விசாரணை தொடங்கினார்கள். அந்த நடத்தைக்கு நோயும் ஒரு காரணமாக இருந்தால், நோயைக் கணக்கில் எடுக்காமல் எல்லோருக்கும் போல நடவடிக்கை எடுப்பதே மறைமுகப் பாகுபாடு என்று நீதிமன்றம் அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. இரவுப் பணியிலிருந்து விலக்கு, மருந்தின் அசதி தெளியும்படி காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வருவது, சிகிச்சை நாளுக்கு விடுப்பு என்று கேட்பதெல்லாம் நியாயமான ஏற்பாட்டுக்குள் அடங்கக்கூடியவையே.

இனி எப்படிக் கேட்பது. வாயால் கேட்பது வேண்டாம். நம்மவர்களில் பலர் இந்தியில் தயங்கித் தயங்கிப் பேசி, அதிகாரி தலையாட்டியதை ஒப்புதல் என்று நம்பி வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் போதும். என்ன குறைபாடு, அதனால் எந்த வேலையில் எந்த இடத்தில் தடை, அதற்கு என்ன ஏற்பாடு வேண்டும், பிரிவு 20-இன்படி கேட்கிறேன், அவ்வளவுதான். “எனக்கு எளிதான வேலை தாருங்கள்” என்று எழுதாதீர்கள். “ஸ்கேன் செய்த கடிதங்களை எழுத்துணர்வுடன் தாருங்கள், நான் இந்த வேலையை முழுமையாகச் செய்வேன்” என்று எழுதுங்கள். தாங்க முடியாத சுமை என்று அலுவலகம் மறுக்க நினைத்தால், அது ஏன் சுமை என்று காட்ட வேண்டிய பொறுப்பு அலுவலகத்துடையது. விண்ணப்பத்தோடு யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள) அட்டை அல்லது மருத்துவச் சான்றின் நகலை வையுங்கள். தமிழ்நாட்டில் எடுத்த யு.டி.ஐ.டி. நாடு முழுக்கச் செல்லும்; இங்கே மறுபடி எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. நகலில் டைரி நம்பரும் (அலுவலகப் பதிவு எண்) தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் அலுவலகத்தின் குறைதீர் அலுவலரிடம் போகலாம். ஒவ்வொரு அரசு நிறுவனமும் பிரிவு 23-இன்படி அப்படி ஒருவரை நியமித்து, புகார்ப் பதிவேடு வைத்து, பதிந்த இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அவர் யார் என்றே யாருக்கும் தெரியவில்லையா? பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. போட்டு, அவர் பெயரையும் அலுவலகத்தின் சமவாய்ப்புக் கொள்கையின் நகலையும் கேளுங்கள். அந்த மனு போன பிறகுதான் அதிகாரியையே நியமித்த அலுவலகங்களும் உண்டு.

அதற்கு மேல், மத்திய அரசு ஊழியர் என்றால் துவாரகா செக்டர் 10-இல் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர். தில்லி அரசு ஊழியருக்குத் தில்லியின் மாநில ஆணையர். சாணக்யபுரியில் தமிழ்நாடு இல்லத்தில் வேலை பார்ப்பவருக்கு, அவர் தமிழ்நாடு அரசு ஊழியர் என்பதால், சென்னையில் இருக்கும் மாநில ஆணையர். ஆணையரிடம் போக வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. ஆணையருக்கு ஆட்களை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரைதான். துறை மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்றித் தெரிவிக்க வேண்டும், அல்லது ஏன் ஏற்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். ஒரு உத்தரவை இடைக்காலமாக நிறுத்தி வைக்கும் அதிகாரம் ஆணையருக்கு இல்லை என்று 2010-இல் ஸ்டேட் பேங்க் ஆஃப் பாட்டியாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே டிரான்ஸ்பர் உத்தரவோ பணிநீக்கமோ கையில் வந்துவிட்டவர் ஆணையரை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

அவர் போக வேண்டிய இடம் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். அதன் முதன்மை அமர்வு தில்லியில்தான் இருக்கிறது, தில்லி அரசு ஊழியர்களின் பணி வழக்குகளும் அங்கேதான் போகின்றன. இடைக்காலத் தடை அங்கே கேட்கலாம். அங்கே சரிப்படாவிட்டால் உயர் நீதிமன்றம். கெடுவை மட்டும் தவறவிடக் கூடாது. எதிரான உத்தரவு வந்தால் அந்த நாளிலிருந்து ஒரு வருடம். விண்ணப்பம் கொடுத்து ஆறு மாதமாகியும் பதிலே இல்லையென்றால், அந்த ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து ஒரு வருடம். நடுவில் எத்தனை நினைவூட்டல் கடிதம் எழுதினாலும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்காது. முதல் விண்ணப்பத்தின் நகலில் இருக்கும் டைரி நம்பரையும் தேதியையும்தான் தீர்ப்பாயம் பார்க்கும்.